உன் கல்யாண ஆல்பத்தில் இருப்பது என் முகம் இல்லை

தம்பி,

நேற்று அரியலூர் ஸ்டுடியோவிலிருந்து உன் கல்யாண ஆல்பத்தை உன் அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். நம் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு, டேபிளைத் துடைத்து, கையைக் கழுவிக் காயவைத்துக்கொண்டு ஆசையாகப் பிரித்தேன். முதல் பக்கத்தில் நீயும் அபிநயாவும். கண் பட்டுவிடும் போல இருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாலைந்து பக்கம் தள்ளி, நீ என் காலில் விழுகிறாய், நான் குனிந்து உன் தோளைத் தொடுகிறேன். சேலை என்னுடையது. வளையல் என்னுடையது. கைகூட எண்ணெய் தெறித்த தழும்போடு என் கையாகத்தான் இருக்கிறது. கழுத்துக்கு மேலே இருக்கிறவள் யார்? உரித்த முட்டை மாதிரி ஒரு முகம். சுருக்கம் இல்லை, மங்கு இல்லை, பிறந்ததிலிருந்து கன்னத்தில் இருக்கும் மச்சம்கூட இல்லை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடி இது, உன் சேலையக் கட்டிக்கிட்டு நிக்குது?" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன். "அக்கா, தம்பிதான் சொன்னாரு. அம்மா முகத்த மட்டும் கொஞ்சம் க்ளீன் பண்ணிடுங்கன்னு. ஏங்க்கா, நல்லா வரலிங்களா?" என்றார் அந்தப் பையன். "நல்லாத்தான் வந்திருக்கு. ஆள்தான் யாருன்னு தெரியல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

க்ளீன். என் முகம் என்ன அடிப்பிடித்த பாத்திரமா, தம்பி, தேய்த்துச் சுத்தம் செய்ய? உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைப் போனில் சொன்னால் நீ "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதும் படி. உன் அம்மாவிடமிருந்து நீ கேட்டே இராத விஷயங்களும் இதில் வரும். கூச்சமாக இருந்தால் கூச்சப்பட்டுக்கொண்டே படி. நான் இவ்வளவு நாள் கூச்சப்பட்டதற்கு என் முகம் பட்டது போதும்.

மாசாமாசம் வருவது எனக்குத் தடுமாற ஆரம்பித்தது நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. இரண்டு மாதம் வராது, பிறகு கொட்டித் தீர்க்கும், பிறகு மறுபடி காணாமல் போகும். நம் வீட்டில் அதற்கு 'வூட்டுக்குத் தூரம்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. வருவதற்காவது அந்தச் சொல் இருந்தது. நிற்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. யாரும் யாரிடமும் சொல்லாமலே நின்றுபோகும் ஒன்று அது. மெஸ்ஸில் நின்றுகொண்டு தோசை வார்க்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி மார், கழுத்து, காது மடல் என்று ஏறும். கல்லுக்கு எதிரில் நிற்கிறவளுக்கு உள்ளிருந்தும் ஒரு கல் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். ஜாக்கெட் நனைந்து ஒட்டும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி உடம்பு சில்லிட்டுப் போகும்.

அதையாவது தாங்கிக்கொண்டேன். தோலைத்தான் தாங்க முடியவில்லை. கையை நகத்தால் லேசாகக் கீறினால் சிலேட்டில் எழுதின மாதிரி வெள்ளைக் கோடு விழும். முழங்காலுக்குக் கீழே மீன் செதில் போல உரியும். எறும்பு எதுவும் இல்லாமலே எறும்பு ஊர்கிற மாதிரி முதுகெல்லாம் ஊறும். கரண்டிக் காம்பால் சொறிந்துகொள்வேன். ஆலத்தியூர் ரோட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஒவ்வொன்று போகும்போதும் ஒரு புழுதிப் படலம் வந்து உட்காரும். முன்பெல்லாம் அது தோலின் மேல் கிடந்தது, கழுவினால் போனது. இப்போது உள்ளே இறங்கி ஈரத்தை உறிஞ்சுவது போல இருந்தது. புழுதி போகட்டும் என்று துணிக்குப் போடும் சோப்பாலேயே முகத்தையும் அழுத்தித் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் எரியும். இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்து, கையகலத்துக்குக் கறுத்துவிட்டது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தைத் தேய் என்றாள் ஒருத்தி. தேய்த்தேன், தீயாக எரிந்தது. உடம்புச் சூடு, வெந்தயம் சாப்பிடு என்றாள் இன்னொருத்தி. லாரி டிரைவர் ஒருவர் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "என்னக்கா, மூஞ்சிய தோசக்கல்லுல வச்சு எடுத்தீங்களா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். "ஆமா, அடுத்து உன் மூஞ்சிதான், வா" என்று சொல்லிச் சட்டினி வாளியை நங்கென்று வைத்தேன். உன் அப்பாவிடம் சொன்னால், "வயசானா அப்படித்தான், விடு" என்று செய்திச் சேனலை மாற்றுவார். அவர் சிமெண்ட் ஃபேக்டரியில் பேக்கிங் செக்ஷனில் மூட்டைத் தூசியில் நின்றுவிட்டு வரும்போது அவர் கைக்கு எண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டது யார்? எனக்கென்றால் 'விடு'.

சரி, அவர்கள் எல்லாம் போகட்டும். உனக்கு வருகிறேன்.

பெரம்பலூரில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சம்பந்தியம்மா பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறார், என்னைவிட மூத்தவர் என்றால் நம்ப முடியவில்லை என்று நானேதான் பேச்சை எடுத்தேன். நீ முன் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அம்மா, கல்யாணத்துக்குள்ள மூஞ்சிக்கு எதாவது பண்ணும்மா. போட்டோல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பீங்கல்ல." டிரைவர் தம்பி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த அந்நியப் பையனுக்கு இருந்த இங்கிதம் நான் பெற்றவனுக்கு இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிப்பா" என்றேன்.

அடுத்த வாரம் கூரியரில் ஒரு டியூப் வந்தது. அட்டையில் பளீரென்று ஒரு பெண் சிரித்தாள். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் எறும்பு எழுத்தில், அதுவும் பாதி அழிந்து. "ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டோட அக்கா யூஸ் பண்றாங்கம்மா, சூப்பர் ரிசல்ட்" என்றாய். என் பிள்ளை எனக்காக வாங்கி அனுப்பியிருக்கிறான் என்று பூரித்துப்போய் ராத்திரி ராத்திரி தடவினேன். பலன் இல்லாமல் இல்லை. சீக்கிரமே முகம் பளபளவென்று ஆனது. மங்கு வெளுத்தது. மெஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லாம், "என்னக்கா, கல்யாணம் உங்களுக்கா, தம்பிக்கா?" என்று கேட்டார்கள். உனக்கு வீடியோ காலில் காட்டினேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாய்.

டியூப் தீர்ந்தது. தடவுவதை நிறுத்தினேன். சில நாளில் கன்னம் சிவந்து, வீங்கி, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பியது. தாடையில் பூனை முடி முளைத்தது. அடுப்புக்கு முன்னால் நிற்க முடியவில்லை. வெயிலில் தலை காட்ட முடியவில்லை. இட்லிப் பானையைத் திறந்தால் வரும் ஆவிக்கே கண்ணில் தண்ணீர் கொட்டும். கல்யாணமோ நெருங்கிவிட்டது. உனக்குப் போன் செய்தேன். என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நீ ஒழுங்கா போட்டிருக்க மாட்டம்மா. நடுவுல நிறுத்துனா அப்டித்தான். இன்னொரு டியூப் அனுப்புறேன்." அனுப்பினாய். தடவினேன். எரிச்சல் அடங்கியது. மறுபடி நிறுத்திப் பார்த்தேன், முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. குடிகாரன் கையில் பாட்டில் மாதிரி என் கையில் அந்த டியூப்.

மெஸ்ஸை ஒரு நாள் அடைத்துவிட்டு பெரம்பலூர் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். டியூபைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இத யாரு குடுத்தா?"

"என் மவன்."

"டாக்டருங்களா?"

"இல்லைங்க. கம்ப்யூட்டர் கம்பெனியில வேல."

அவர் சிரிக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்குற மாதிரி இருக்கும்மா. டாக்டர் பாத்து, தேவைப்பட்ட எடத்துல, கொஞ்ச நாளைக்கு மட்டும் போட வேண்டிய மருந்து அது. வெளுக்குறதுக்கு முகத்துல பூசுறதுக்கில்ல" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். எனக்கு இத்தனை வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வி: "பீரியட்ஸ் நின்னு எவ்ளோ நாள் ஆச்சும்மா?"

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன். மாதவிடாய் நிற்கும் வயதில், பெண் உடம்பில் இவ்வளவு நாள் சுரந்துகொண்டிருந்த ஹார்மோன் குறைந்துபோகிறது. தோலைத் தடிமனாகவும் ஈரப்பசையோடும் வைத்திருந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது குறையும்போது தோல் மெலிகிறது, வறள்கிறது, அரிக்கிறது, காயம் ஆறத் தாமதமாகிறது. அது வியாதி இல்லை. அழுக்கும் இல்லை. தேய்த்துப் போக்க வேண்டியது எதுவுமே அங்கே இல்லை. ஏற்கெனவே மெலிந்துகொண்டிருந்த தோலில், இன்னும் மெலிய வைக்கும் மருந்தைப் பூசியிருக்கிறேன். "நைஞ்சு போன சேலையக் கல்லுல அடிச்ச மாதிரிம்மா" என்றார். எப்படி அந்த மருந்திலிருந்து வெளியே வருவது என்று சொல்லி வேறு மருந்து எழுதினார். சரியாவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் மோசமாகும், பயப்படாதீங்க, ஆனால் எக்காரணம் கொண்டும் முகத்தில் மேக்கப் போடக்கூடாது என்றார். கல்யாணத்துக்கு? கல்யாணத்துக்கும் கூடாது என்றார்.

இதை நான் உன்னிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று மட்டும் சொல்லாதே. "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றாய்.

நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்றால், முகூர்த்தத்தன்று விடிந்ததும் மண்டபத்து ரூமுக்குப் பியூட்டி பார்லர் பெண்ணை அனுப்பினாய். நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மாலை போட்ட கழுத்தோடு நீயே வந்தாய். "ஒரு நாள்தானம்மா. அவங்க வூட்டு ஆளுங்கல்லாம் 'உங்க அம்மாவுக்கு மூஞ்சில என்ன, ஒட்டுவாரொட்டியா?'ன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்றாய். என்ன சொல்வதா? "எங்க அம்மாவுக்குத் தோல் அலர்ஜி, மருந்து சாப்பிடுறாங்க" என்று சொல்ல உன் வாய் வலித்ததா? இல்லை, "நான் வாங்கிக் குடுத்த க்ரீமால வந்தது" என்று உண்மையைச் சொல்லப் பயமா? மேளம் கேட்டது. ஐயர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். நல்ல நேரத்தில் சண்டை வேண்டாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் தொட்டதுமே எரிந்தது. அவள் பயந்துபோய், "ஆன்ட்டி, போதுமா?" என்றாள். நீ வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் கவர் பண்ணுங்க" என்றாய்.

நீ தாலி கட்டும்போது என் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. உன் பெரியம்மா என் தோளை அணைத்து, "பெத்தவளுக்கு ஆனந்தக் கண்ணீர்" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள். ஆனந்தமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணீர் எரிச்சலில் வந்தது, தம்பி. பூச்சுக்குக் கீழே முகம் வெந்துகொண்டிருந்தது. உன் வாழ்க்கையிலேயே நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த அந்த நிமிஷத்தில், எப்போது முடியும், எப்போது போய்க் கழுவலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? பந்தி முடியும் முன்னால் ரூமுக்கு ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டேன். பூச்சோடு தோலும் திட்டுத்திட்டாக வந்தது.

அன்றைக்கு ராத்திரி உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார் என்றுதான் சொல்வேன். மறுநாள் என்னோடு டாக்டரிடம் வந்தார். டாக்டரம்மா அவரையும் ஒரு பிடி பிடித்தார். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர், இப்போது நான் குளித்துவிட்டு வந்ததும் முதுகில் எனக்குக் கை எட்டாத இடத்தில் மருந்து தடவிவிடுகிறார். முதல் நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடித்தார். "மெதுவாய்யா, மூட்ட தைக்கல" என்றேன். இப்போது பதமாகச் செய்கிறார். ஆண்களுக்குக் கற்றுக்கொள்ள முடியாது என்று இல்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்க மாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வதை விட்டுவிட்டேன், வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று குளித்து முடிக்கிறேன். வாசனை சோப்பு, துணி சோப்பு எதுவும் முகத்துக்குக் கிடையாது. குளித்த ஈரம் காயும் முன்னால் டாக்டர் எழுதிக்கொடுத்த, வாசனை இல்லாத க்ரீமை உடம்பெல்லாம் தடவுகிறேன், ஈரத்தைப் பூட்டி வைப்பதற்கு. பாத்திரம் கழுவக் கையுறை. வெளியே போனால் முகத்துக்கு வெயில் தடுக்கும் க்ரீம், தலைக்கு மேலே குடை. எலுமிச்சம்பழம் இப்போது ரசத்துக்கு மட்டும்தான். புதிதாக எதையாவது தடவுவதென்றால் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் போட்டுச் சில நாள் பார்க்கிறேன். எல்லாம் நின்றுபோய் ஒரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டாலோ, மச்சம் பெரிதானாலோ, ஆறாத புண் இருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப் போடாமல் வரச் சொல்லியிருக்கிறார். முகம் இப்போது பெரும்பாலும் ஆறிவிட்டது. மங்கு இருக்கிறது. சுருக்கம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆல்பத்தை மட்டும் என்றால் இரண்டு நாள் பொருமிவிட்டு விட்டிருப்பேன். இன்று காலை அபிநயா போன் செய்தாள். "சாப்டீங்களா அத்தை?" என்று ஆரம்பித்தவள், பேச்சு வாக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தை, எனக்கு கன்னத்துல கொஞ்சம் பரு வந்துச்சுன்னு அவரு ஒரு க்ரீம் வாங்கிட்டு வந்திருக்காரு. உங்களுக்குக்கூட அதான் குடுத்தேன்னு சொன்னாரு. நல்லா இருந்துச்சா அத்தை?"

இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதே பெயர். அதே டியூப். என் முகம் சிவந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நீ. டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவன் நீ. கேட்டும், நான் 'ஒழுங்காகப் போடவில்லை' என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய், இல்லையா? அம்மா சொன்னதும் எட்டவில்லை, படித்த டாக்டர் சொன்னதும் எட்டவில்லை. யாரோ ஒரு ஃப்ரெண்டோட அக்கா சொன்னது மட்டும் வேதம். அந்தப் பெண்ணுக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. நல்ல தோல். இரண்டு பருவுக்கு அதைக் கெடுக்கப் பார்க்கிறாய்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தன்று நான் ஏன் அழுதேன் என்பதையும் சொன்னேன். "எனக்குத் தெரியாது அத்தை. எங்க அம்மாகூட உங்க கண்ணத் தொடச்சுவிட்டாங்களே" என்றாள். டியூபைப் பிரித்தாயா என்றேன். இல்லை என்றாள். குப்பையில் போடு, நான் லைனில் இருக்கிறேன் என்றேன். போட்டுவிட்டு வந்து சொன்னாள். பருவுக்கு டாக்டரைப் பார், கூட வேண்டுமானால் நான் சென்னைக்கு வருகிறேன் என்றேன்.

எனவே வீட்டில் டியூபைத் தேடினால் அவளை ஒரு வார்த்தை கேட்காதே. எறியச் சொன்னது நான். அவளுக்கும் ஒரு நாள் இந்த வயது வரும். நடுக்கூடத்தில் வேர்த்து நிற்பாள், காரணம் இல்லாமல் எரிந்து விழுவாள், கையைச் சொறிந்துகொண்டே இருப்பாள். அப்போது நான் இருப்பேனோ என்னவோ. நீ இருப்பாய். கடையில் போய் எதையாவது வாங்காதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன செய்கிறது என்று கேள். அவள் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காதே.

இதைப் படித்துவிட்டு 'ஸாரிம்மா' என்று மெசேஜ் அனுப்பினால் நான் திறந்து பார்க்க மாட்டேன். சனிக்கிழமை பஸ் ஏறி வா, அபிநயாவையும் கூட்டிக்கொண்டு வா. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து திட்டுவேன். பாதியில் எழுந்து போகக் கூடாது.

உன் அம்மா